வியாதி சொல்லும் வீடும் சொல்லாத வீடும்

தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தார் 2014-ஆம் ஆண்டில் வீடு வீடாகச் சென்று, கடந்த பதினைந்து நாட்களில் குடும்பத்தில் யாருக்கேனும் உடம்பு அசௌகரியம் உண்டா என்று விசாரித்து எழுதிய கணக்கின்படி, கிராமங்களில் ஆயிரம் பேருக்கு 89 பேர் பிணியுற்றிருந்தனர் என்பது அகில இந்திய விகிதமாக இருக்க, கேரள கிராமங்களில் அது 310 ஆக உயர்ந்தும், பீகாரில் அகில இந்திய விகிதத்துக்கும் தாழ்ந்தும் நின்றது. இதை மாத்திரம் பார்ப்பவர், கேரளத்தைப் பிணிகளின் உறைவிடமென்றும் பீகாரை ஆரோக்கிய பூமியென்றும் எண்ணிவிடக்கூடும். ஆனால், வியாதியை விட்டு மரணத்தையே எண்ணும் மாதிரிப் பதிவு முறை, பிறக்கும் குழந்தை எதிர்பார்க்கத்தக்க ஆயுளை, 2014-18 காலத்துக்கு, கேரளத்தில் 75.3 ஆண்டுகள் என்றும், பீகாரில் 69.1 என்றும், உத்தரப் பிரதேசத்தில் 65.3 என்றும் வகுக்கிறது. ஓராண்டு நிறையுமுன் இறந்த சிசுக்கள், 2020-இல் ஆயிரம் பிறப்புக்குக் கேரளத்தில் 6. மத்தியப் பிரதேசத்தில் 43.

பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் இந்த முரண்பாட்டை 2002-இல் எடுத்துக்காட்டி, நோய் இருப்பது வேறு, அதை நோயென்று அறிவது வேறு என்று விளக்கினார். கேள்வியைக் கேட்டவுடன் கேரளத்துப் பாட்டி, ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் டாக்டர் எழுதிய சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துவந்து காட்டுவாள். ரத்த சோகையால் கண்ணிமையின் உட்புறம் வெளுத்து, ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சிரைக்கும் பீகார் கிராமத்து மருமகளோ, தாயும் மாமியாரும் அவ்வாறே இருக்கக் கண்டு வளர்ந்தவளாதலால், எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்பாள். அவள் பொய் சொல்லவில்லை; பரிசோதித்துச் சொல்வாரில்லாத இடத்தில் களைப்புக்கு நோய் என்ற பெயர் ஏற்படுவதில்லை. கணக்கிலுள்ள எந்த எண்ணைக் காட்டிலும் இந்த விடையே எனக்கு அச்சமூட்டுகிறது.

கேரளத்தில் பிணி மிகுந்து தோன்றுவதற்கு முதுமையும் ஒரு காரணமே. 2011 ஜனத்தொகைக் கணக்கில் அறுபது கடந்தோர் கேரளத்தில் நூற்றுக்கு 12.6, பீகாரில் 7.4. இருதய நோயும் நீரிழிவும் கண்டு மருந்துண்பவர்கள், சிசுப் பருவத்துக் கழிச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தப்பி வந்தவர்கள் அல்லவா? 1879-இலேயே சர்க்கார் உத்தியோகஸ்தரும் மாணாக்கரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டுமென்று விதித்த, இன்றைய கேரளத்தின் தென்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானமும், பெண்கள் எழுத்தறிந்ததும், நடந்து எட்டும் தூரத்தில் ஆஸ்பத்திரி அமைந்ததும் சேர்ந்து, அந்தத் தப்புதலைச் சாத்தியமாக்கின.

மாதிரிப் பதிவு முறைக்கெனத் தேர்ந்தெடுத்த ஊர்களில், உள்ளூர்ப் பதிவாளர் ஒருவர் பிறப்பு இறப்பு ஒவ்வொன்றையும் எழுதிவர, ஆறு மாதத்துக்கொரு முறை மேற்பார்வையாளர் தனியே வந்து விசாரித்து எழுத, இரு கணக்கும் ஒத்துப் பார்க்கப்படுகின்றன. அத்தகைய ஊரில் அந்த மருமகள் பிரசவத்தில் மடிந்தால், அவள் சொல்லாதிருந்த பிணி அந்த ஏட்டில்தான் முதன்முதலாகப் பதிவாகும்.