பின்னணியில் நிற்காமல் நின்றுவிடும் கன்டெய்னர்

இணைய இணைப்பு இல்லாத நாளிலும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்று கருதும் ஆசிரியர்களுக்கு ஏற்ற கட்டற்ற மென்பொருள் கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகத் தரவிறக்கி ஆய்வகக் கணினி ஒன்றில் வைத்துவிட்டால், மற்றக் கணினிகள் உலாவி வழியாக அதைத் திறந்துகொள்ளும். அந்த ஒரு கணினியில் கிவிக்ஸை இயக்க எளிய வழி டாக்கர். 2013-இல் வெளியான இந்தக் கருவி, ஒரு நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் 'கன்டெய்னர்' என்ற ஒரே பொதியாக இயக்குகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆணையைக் கொடுத்ததும் திரையில் 64 எழுத்துகள் கொண்ட நீண்ட அடையாளக் குறியீடு வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவோம். அடுத்த பாடவேளையில் மாணவர்கள் வந்து அமர்ந்ததும் எந்தக் கணினியிலும் பக்கம் திறக்காது. நாற்பது நிமிடப் பாடவேளையில் பாதி, காரணம் தேடுவதிலேயே போய்விடும்.

'டாக்கர் ரன்' ஆணையுடன் '-டி' சேர்த்தால் கன்டெய்னர் பின்னணியில் ஓடும் என்று படித்திருப்போம். (ஆணைகளை ஒலிப்பு முறையில் இங்கே தந்திருக்கிறோம், தட்டச்சு செய்வது ஆங்கில எழுத்துகளில்.) அந்த '-டி' செய்வது ஒன்றே ஒன்றுதான்: நம் திரையிலிருந்து கன்டெய்னரைப் பிரித்துவிடுகிறது. தொடர்ந்து ஓடும் என்ற உறுதியை அது தருவதில்லை. கன்டெய்னரின் ஆயுள், அதனுள் முதலில் தொடங்கிய நிரலின் ஆயுள்தான். கதவைத் திறந்த ஆசிரியர் வெளியேறியதும் அறை தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே யார் எழுதிக்கொண்டிருந்தாலும் அது காத்திருக்காது. முதல் நிரல் முடிந்தால், உள்ளே ஓடும் மற்ற நிரல்களும் அதோடு முடிந்தன.

கிவிக்ஸ் சேவையக நிரலுக்கே 'டீமன்' என்றொரு விருப்பம் உண்டு. பின்னணியில்தானே ஓட வேண்டும் என்று அதையும் சேர்த்துவிட்டால், முதல் நிரல் தன் வேலையை ஒரு துணை நிரலிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும். கன்டெய்னர் அந்த நொடியே மூடப்படும். சாதாரண லினக்ஸ் கணினியில் சரியான பழக்கம், கன்டெய்னருக்குள் தவறாகிறது. என்ஜின்எக்ஸ், அப்பாச்சி போன்ற வலைச் சேவையகங்களுக்கும் இதுவே விதி: கன்டெய்னருக்குள் அவை முன்னணியில்தான் ஓட வேண்டும். பின்னணிக்கு அனுப்பும் பொறுப்பை டாக்கரிடம் விட்டுவிடுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். 'டாக்கர் பிஎஸ்' ஓடிக்கொண்டிருப்பவற்றை மட்டுமே காட்டும். '-ஏ' சேர்த்தால் நின்றுபோனவையும் தெரியும், கூடவே ஓர் எண்ணும். 0 என்றால் நிரல் பிழையின்றித் தன் வேலையை முடித்துக்கொண்டது என்று பொருள். பலரைக் குழப்புவது இந்த 0-தான். உபுண்டு பொதியை வெறுமனே '-டி' கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள்: உள்ளே இருக்கும் கட்டளை நிரல், தட்டச்சு செய்ய யாரும் இல்லை என்று கண்டு உடனே முடிந்துவிடும். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குச் செய்துகாட்ட இதைவிட எளிய சோதனை இல்லை. 127 என்றால் சொன்ன நிரலே உள்ளே இல்லை. 137 என்றால் வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது. 128-உடன், நிரலைக் கொல்லும் சமிக்ஞையின் எண்ணான 9-ஐக் கூட்டினால் வருவது அது. நினைவகம் குறைந்த பழைய கணினிகளில் இதை எதிர்பார்க்கலாம். நினைவகப் பற்றாக்குறைதான் காரணமா என்பதை 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' சொல்லிவிடும்.

எண்ணுக்கு அடுத்து 'டாக்கர் லாக்ஸ்'. நிரல் கடைசியாக என்ன சொல்லிவிட்டு நின்றது என்பது அதில் இருக்கும். கோப்பைத் திறக்க முடியவில்லை என்று கிவிக்ஸ் சொன்னால், கோப்புறையின் பாதையையோ கோப்பின் பெயரையோ தவறாகக் கொடுத்திருப்போம். தொடக்க ஆணைக் கோப்பு கண்முன்னே இருந்தும் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வந்தால், அது விண்டோஸில் திருத்தப்பட்டதா என்று பாருங்கள். அங்கே வரி முடிவில் சேரும் கண்ணுக்குத் தெரியாத குறியை லினக்ஸ் ஏற்பதில்லை. ஆணையில் 'ஆர்எம்' விருப்பம் இருந்தால் கன்டெய்னர் நின்றவுடன் பதிவுகளோடு சேர்த்து அழிந்துவிடும். சோதனை முடியும்வரை அதை எடுத்துவிடுங்கள்.

முடிவில்லாமல் காத்திருக்கும் ஓர் ஆணையை முதல் நிரலாக வைத்து, கன்டெய்னரை உயிரோடு வைத்திருக்கும் தந்திரம் ஒன்று உண்டு. உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு அது உதவும், வகுப்புக்கு உதவாது. சேவையகம் செத்துப்போயிருந்தாலும் கன்டெய்னர் ஓடுவதாகவே பட்டியல் காட்டும்.

மின்தடை வேறு கதை. 'ரீஸ்டார்ட்' விருப்பத்தில் 'அன்லெஸ்-ஸ்டாப்ட்' கொடுத்திருந்தால், கணினி மீண்டதும் கன்டெய்னர் தானாகத் தொடங்கும். அதற்கு டாக்கர் சேவையே கணினியோடு தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டும். உள்ளே பிழை இருக்கும்போது இதைக் கொடுத்தால் விழுவதும் எழுவதுமாக ஓயாது சுற்றும். ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிப்பாகி, அதிகபட்சம் ஒரு நிமிடம் வரை போகும். எனவே முதலில் பிழையைச் சரிசெய்யுங்கள், பிறகு இந்த விருப்பம். விக்கிப்பீடியாக் கோப்பு வெளி வன்தட்டில் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டாக்கர் தொடங்கும் வேளையில் வன்தட்டு இணையாவிட்டால் கிவிக்ஸுக்குக் கிடைப்பது வெற்றுக் கோப்புறைதான். இடம் இருந்தால் கோப்பைக் கணினியின் உள் வன்தட்டுக்கே நகலெடுத்துவிடுங்கள். வகுப்புக்கு முந்தின நாள் மாலை கணினியை ஒருமுறை முழுவதும் அணைத்து, மீண்டும் இயக்கி, வேறொரு கணினியின் உலாவியிலிருந்து பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.