ஒரே மருந்து, வேறு பாதை: ரத்தப் புற்றுநோய் ஊசியின் கணக்கு

மல்டிபிள் மைலோமா எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ரத்தப் புற்றுநோய். அதற்குத் தரப்படும் முக்கிய மருந்துகளில் ஒன்று போர்டிசோமிப். 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, ரத்தக்குழாயில் 3 முதல் 5 விநாடிக்குள் செலுத்தும் ஊசியாக அது வந்தது. தோலுக்கடியிலும் போடலாம் என்ற அனுமதி அங்கே 2012 ஜனவரியில்தான் கிடைத்தது. மருந்தும் அளவும் அப்படியே இருக்க, ஊசி போகும் பாதை மட்டும் மாறியது. அதனால் நோயாளிக்கு எவ்வளவு நன்மை என்பதை எண்களே சொல்கின்றன.

கணக்கு 1: பலனும் பக்கவிளைவும்

ஏற்கெனவே சிகிச்சை பெற்று நோய் திரும்பிய 222 பேரிடம், 10 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 148 பேருக்குத் தோலடி ஊசி, 74 பேருக்கு ரத்தக்குழாய் ஊசி. 2011-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த முடிவுகள் இவை. முதல் எண் ரத்தக்குழாய் ஊசிக்கு, இரண்டாவது தோலடி ஊசிக்கு.

• நான்கு சுற்றுக்குப் பின் மருந்துக்கு நோய் கட்டுப்பட்டவர்கள்: 42% – 42%
• நோய் மீண்டும் முற்றுவதற்கான இடைநிலைக் காலம்: 9.4 மாதம் – 10.4 மாதம்
• ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள்: 76.7% – 72.6%
• கை கால் நரம்புப் பாதிப்பு, எந்த அளவிலும்: 53% – 38%
• கடுமையான நரம்புப் பாதிப்பு: 16% – 6%
• கடுமையான பக்கவிளைவு ஏதேனும்: 70% – 57%

முதல் மூன்று வரிகளில் உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது அல்ல; பலன் இரண்டிலும் ஒன்றுதான். நரம்புப் பாதிப்பிலோ 100 பேருக்கு 10 பேர் கடுமையான தொல்லையிலிருந்து தப்புகிறார்கள். உள்ளங்கால் எரியும், விரல் மரத்துப்போகும், சட்டைப் பொத்தான் போடவும் கை வராது. தொல்லை முற்றினால் மருந்தைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். அப்போது பலனும் கைவிட்டுப் போகும்.

இதற்குக் காரணமாகக் கருதப்படுவது மருந்தின் உச்ச அளவு. ரத்தக்குழாயில் போட்டால் ஒரு மில்லிலிட்டர் ரத்த பிளாஸ்மாவில் அது சராசரியாக 223 நானோகிராம் வரை ஏறுகிறது. தோலடியில் போட்டால் 20.4 மட்டுமே. உடலுக்குக் கிடைக்கும் மொத்த மருந்தின் குறியீடோ 151-க்கு 155, ஏறத்தாழ சமம்.

கணக்கு 2: மில்லியும் குப்பியும்

உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு, சதுர மீட்டருக்கு 1.3 மி.கி. வீதம் ஒரு ஊசிக்கு 2.08 மி.கி. தேவை. 3.5 மி.கி. குப்பியை ரத்தக்குழாய்க்கு 3.5 மி.லி. உப்புக்கரைசலில் கரைப்பார்கள், ஊசியில் 2.08 மி.லி. ஏற்ற வேண்டும். தோலடிக்கு 1.4 மி.லி. கரைசல்தான், ஏற்ற வேண்டியது 0.83 மி.லி.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரண்டு குப்பிகளைக் கரைத்து வைத்த தோலடிக்கான கெட்டிக் கரைசலிலிருந்து தவறுதலாக 2.08 மி.லி. எடுத்தால் உள்ளே போவது 5.2 மி.கி., அதாவது இரண்டரை மடங்கு. இரண்டு மடங்கைத் தாண்டினால் ரத்த அழுத்தம் திடீரென விழுந்து, தட்டணுக்கள் குறைந்து, உயிரே போகலாம் என்று மருந்துக் குறிப்பு எச்சரிக்கிறது. எதிர்த் தவறு நடந்தால் 0.83 மி.கி. மட்டுமே சேரும், தேவையில் 40%.

ஒருவருக்கு ஒரு குப்பி பிரித்தால் 1.42 மி.கி. மீந்துபோகும். காசு கொடுத்து வாங்கிய மருந்தில் இது சுமார் 41%. இதே உடல் பரப்புள்ள மூவருக்கு ஒரே நாளில் ஊசி வைத்து, கிருமியற்ற அறையில் மருந்தைப் பங்கிட்டால் தேவை 6.24 மி.கி.; மூன்று குப்பிக்குப் பதில் இரண்டு போதும். கரைத்த மருந்தை 8 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கணக்கு 3: நேரம்

டாராடுமுமாப், மைலோமாவுக்கான இன்னொரு மருந்து. தனியாகத் தரும்போது முதல் ஆண்டில் 23 முறை போட வேண்டும். 522 பேரிடம் நடந்த கொலம்பா ஆய்வில், ட்ரிப்ஸாக ஏற்ற முதல் முறை சுமார் 7 மணி நேரமும், இரண்டாம் முறை 4.3 மணி நேரமும், அடுத்தடுத்து 3.4 மணி நேரமும் ஆனது. கூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 83 மணி நேரம். தோலடி ஊசிக்கு 15 மி.லி.யைச் செலுத்த 5 நிமிடம் என்று வைத்தாலும், 23 முறைக்கும் சேர்த்து 2 மணி நேரம்கூட ஆகாது. நோய் கட்டுப்பட்டவர்கள் ட்ரிப்ஸில் 37%, தோலடியில் 41%. மருந்து ஏறும்போது வரும் குளிர், நடுக்கம், மூச்சுத்திணறல் போன்றவை 34%-லிருந்து 13% ஆகக் குறைந்தன. தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இந்த நேரம் அப்படியே வருமானம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ட்ரிப்ஸில் அளவு எடைக்கு ஏற்றது: 55 கிலோவுக்கு 880 மி.கி. தோலடியில் எல்லோருக்கும் 1,800 மி.கி. எடை குறைந்தவர்களுக்கு வெள்ளணுக் குறைவு அதிகம் காணப்பட்டது. அவர்களுக்கு ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

கணக்கு 4: மன்னிக்காத பாதை

ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்குத் தரும் வின்கிரிஸ்டின் ரத்தக்குழாயில் மட்டுமே போக வேண்டிய மருந்து. வழக்கமான உச்ச வரம்பு 2 மி.கி. முதுகுத்தண்டில் போடும் மெத்தோட்ரெக்சேட்டும் அதே நாளில் மேசையில் இருக்கலாம். ஊசிகள் இடம் மாறி வின்கிரிஸ்டின் முதுகுத்தண்டுக்குள் போனால், பெரும்பாலும் மரணம்தான். 1968 முதல் இப்படி 55 தவறுகள் பதிவானதாக உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது. அது சொன்ன தீர்வு எளியது: மருந்தைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறிய உப்புக்கரைசல் பையில் கலந்துவிடுவது. 50 மி.லி. பையை முதுகுத்தண்டு ஊசியில் யாரும் தவறிப் பொருத்த மாட்டார்கள். போர்டிசோமிப்பையும் முதுகுத்தண்டில் போடவே கூடாது. அதிலும் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன.

மருந்தின் பெயர், அளவு, போடும் பாதை மூன்றும் சேர்ந்துதான் சிகிச்சை. ஒவ்வொரு சிரிஞ்சிலும் பாதையும் கரைசலின் செறிவும் எழுதப்பட வேண்டும். இரண்டு பேர் அதைச் சரிபார்க்க வேண்டும். நோயாளியும் குடும்பமும் தயங்காமல் கேளுங்கள்: “இது எந்த வழியாகப் போடும் ஊசி? எத்தனை மில்லி?” அதற்குப் பதில் பெறுவது உங்கள் உரிமை.