சவரக்கத்திக்கு ஏற்ற தோல்வார்

"தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பதா?" என்று ஒரு பழமொழி உண்டு. அரிவாள் தீட்டும் மரக்கட்டையின் மேல் மணலைத் தூவித் தேய்ப்பார்கள். மரம் எஃகைவிட மென்மையானது. அது எஃகைத் தேய்க்காது. மரத்தில் பதிந்து நிற்கும் மணல்தான் தேய்க்கிறது.

மடக்குச் சவரக்கத்திக்கும் இப்படி ஒரு துணை உண்டு. அதுதான் தோல்வார். முன்பு முடிதிருத்தும் கடைகளில் இது தொங்கிக்கொண்டிருக்கும். இன்று கடைகளில் மாற்றும் பிளேடு வந்துவிட்டது. ஆனால் வீட்டில் பழைய கத்தியாலேயே சவரம் செய்துகொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளிநாட்டு வார் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அவ்வளவு செலவு அவசியமா? வார் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

முடியால் எஃகு தேயுமா?

பிளேடு எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் கத்தி மழுங்குகிறதே, ஏன்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் இதற்கு விடை கண்டார்கள். முடி வளைந்து பக்கவாட்டில் அழுத்தும்போது, எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடங்களில் கத்தியின் வாய் நுண்ணிய சில்லுகளாக உடைகிறதாம்.

சவரத்துக்கு முன் முகத்தை நன்றாக நனைப்பது இதனால்தான். நீரை உறிஞ்சிய முடி மேலும் மென்மையாகிறது; வெட்டவும் எளிது.

வார் செய்யும் வேலை

கத்தியின் வாயில் பெரிய சில்லு விழுந்தால் வாரால் சரிசெய்ய முடியாது. அதற்குச் சாணைக்கல் வேண்டும். வார் செய்வது வேறு வேலை. ஒரு மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, விட மெல்லிய அந்த வாய் சற்றே மடிந்திருந்தால் அதை நேராக்கி மெருகேற்றுகிறது.

கத்தியைப் படுக்க வைத்து, முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வர இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாயை முன்னே தள்ளினால் வார் அறுந்துபோகும். முதுகும் வாயும் சேர்ந்து வாரில் படுவதால் கோணம் தானாகவே மாறாமல் இருக்கிறது.

எந்தத் தோல் நல்லது?

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். ஆவாரம்பட்டை போன்றவற்றிலுள்ள டானின் அந்த நார்களோடு சேர்ந்து அழுகாமல் காக்கிறது. இது பட்டைப் பதனீடு. குரோமிய உப்பால் பதனிடுவது மற்றொரு முறை. செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள குரோம்பேட்டையின் பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தோலைப் பற்றி ஆராய்வதற்கென்றே 1948-ல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

குரோம் தோல் பொதுவாக மென்மையாகவும் இழுத்தால் நீள்வதாகவும் இருக்கும். பட்டைத் தோல் விறைப்பானது; தட்டையாக நிற்கும். வாருக்குத் தேவை இந்தக் குணம்தான். தோல் தொய்ந்தால் அது கத்தியின் வாயைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும்.

மலிவாகத் தேர்ந்தெடுக்க

தோல் பொருள் செய்பவர்களிடம் மிஞ்சும் துண்டே போதும். பார்க்க வேண்டியவை நான்கு:

1. அகலம் 6 சென்டிமீட்டர், நீளம் 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.
2. 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன், எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும்.
3. வெட்டு, தையல், பூவேலை, பிளாஸ்டிக் பூச்சு கூடாது. பழைய இடுப்புவார் பலவும் இதில்தான் தோற்றுப்போகும்.
4. உள்ளங்கையால் தடவினால் வழுவழுப்போடு சிறிது பிடிப்பும் தெரிய வேண்டும்.

துண்டைச் சமமான பலகையில் ஒட்டிவிட்டால் தொய்வே இராது. தோலே கிடைக்காவிட்டால், பலகையில் செய்தித்தாளை இறுகச் சுற்றியும் தற்காலிகமாகத் தீட்டலாம். விலையல்ல, தட்டையும் தூய்மையுமே முக்கியம். ஒரே ஒரு மணல்துகள் ஒட்டியிருந்தாலும் கூர் கெடும். அரிவாளுக்கு உதவிய மணல் இங்கே எதிரி!

கடப்பாக்கம் போன்ற கடலோர ஊர்களில் மேலும் கவனம் தேவை. ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் வீசும் உப்புக்காற்றில் எஃகு விரைவில் துருப்பிடிக்கும். ஈரத்தில் தோல் பூசணம் பிடிக்கும். கத்தியைத் துடைத்து, ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் தடவி வைப்பது நல்லது. வாரைக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள், எண்ணெயில் ஊறவிடாதீர்கள்.

ஒருவருக்கு மட்டுமே

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாட்கள்கூடப் பிழைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே அதற்குப் போதும். கத்தியைச் சுத்தம் செய்யலாம். தோலைக் கொதிநீரில் போட முடியாது, சுருங்கிவிடும். ஆகவே ஒரு வார், ஒரு கத்தி, ஒரே ஆள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

செய்து பாருங்கள்

கத்தியைப் பெரியவர்களிடமே விட்டுவிடுங்கள். செருப்புத் தைப்பவரிடம் சில தோல் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: உள்ளே நீலச் சாம்பல் நிறமானால் பெரும்பாலும் குரோம் தோல், முழுதும் பழுப்பானால் பட்டைத் தோல். சாயமேற்றாத பட்டைத் தோலில் ஒரு சொட்டு நீர் விட்டால் விரைவில் உறிஞ்சிக் கறுக்கும். உங்கள் வீட்டில் சவரக்கத்தி வைத்திருப்பவருக்கு எந்தத் துண்டு ஏற்றது என்று இனி நீங்களே சொல்லலாம்.