எல்லைக்கோட்டுக்கு அடங்காத கிழங்கு

களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களின் அடுக்களை மணம் மாறுவதில்லை. வெந்த மரச்சீனிக் கிழங்கு, தொட்டுக்கொள்ளக் காரமான மீன் குழம்பு.

1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆட்சிமொழி இரண்டானது, அடுப்பில் வெந்தது ஒன்றுதான். பெயரும் ஒன்றே. மத்திய கேரளத்தில் 'கப்ப', சேலத்தில் குச்சிக்கிழங்கு என்றாலும், திருவனந்தபுரத்து மலையாளிக்கும் குமரித் தமிழருக்கும் அது மரச்சீனி.

தென் அமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட மன்னர் விசாகம் திருநாள். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஏழைகளின் வயிற்றைக் காத்தது மரச்சீனிதான். 'கஞ்சிக்கு வழியில்லாதவன் உணவு' என்ற ஏளனமும் கூடவே ஒட்டிக்கொண்டது.

கனடாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கியூபெக் மாநிலத்தில் 1950களில் பிறந்த பண்டம் 'பூட்டீன்'. பொரித்த உருளைக்கிழங்கின்மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தூவி, சூடான குழம்பை ஊற்றுவார்கள். ஒரு காலத்தில் கேலிக்கு ஆளான அது இன்று அந்த நாட்டின் அடையாளம். அதற்கு ஆதாரமான உருளையும் தென் அமெரிக்காவின் கொடைதான்.

மரச்சீனியை வீட்டில் சமைப்பது எளிது, கவனம் தேவை. சயனைடை உண்டாக்கும் பொருள் இதில் இயற்கையாகவே உண்டு, கசக்கும் கிழங்கில் அதிகம். பச்சையாகத் தின்னக் கூடாது. வெளித்தோலோடு தடித்த உள்தோலையும் உரித்து, சிறு துண்டுகளாக்கிக் கழுவ வேண்டும். நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீரில் உப்பும் மஞ்சளும் சேர்த்துக் குழைய வேகவைத்து வடிக்கலாம். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துச் சேர்த்து, மர அகப்பையால் மசிக்க வேண்டும். கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காயெண்ணெயும் கடைசியில். சாளையோ நெத்திலியோ குழம்பாக உடன் இருந்தால் போதும். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும் என்பதால் உடனே சமைப்பது நல்லது.

1963இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பல ரகங்களைத் தந்திருக்கிறது. ஆனால் 1970களின் நடுப்பகுதிக்குப் பின் கேரளத்தில் மரச்சீனிப் பரப்பு சுருங்கி, பல இடங்களில் ரப்பர் ஏறியது. கொல்லையில் பிடுங்கிய கிழங்கைக் கடையில் வாங்கும் காலம் வந்தது. நட்சத்திர ஓட்டல்களும் இன்று மரச்சீனியும் மீனும் பரிமாறுகின்றன. பஞ்சத்தில் அதையே தின்று வளர்ந்தவர்களுக்கு அது பசியின் நினைவு, பேரப்பிள்ளைகளுக்கோ விருந்து.