கூடிச் செய்யும் வேலை, கூடி உண்ணும் உணவு: உக்ரைன் மக்களின் அன்றாட வாழ்க்கை

புது தில்லி: ரஷிய ஏவுகணைத் தாக்குதல்களால் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் உக்ரைன் தலைநகர் கீவில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோனது. அப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மின்தூக்கிகளில் சிறு பெட்டிகள் வைக்கப்பட்டன. தண்ணீர் புட்டி, பிஸ்கட், கைவிளக்கு போன்றவை அவற்றில் இருந்தன. மின்தடையால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும் யாரோ ஒருவருக்காக, அங்கு குடியிருப்பவர்களே அவற்றை வாங்கி வைத்தனர்.

போர்க்காலத்தில் அந்நாட்டுக்குச் சென்ற வெளிநாட்டவர்கள் பெரிதும் வியந்து பேசியது இத்தகைய சிறு செயல்களைப் பற்றித்தான். பள்ளிகளிலும் நூலகங்களிலும் பெண்களும் முதியோரும் ஒன்றுகூடிப் படையினருக்கு மறைப்பு வலைகள் பின்னினர். வெப்பமும் மின்சாரமும் தேநீரும் கிடைக்கும் பொது இடங்களில் முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டனர். போர் தந்த நெருக்கடி இவற்றுக்கு உடனடிக் காரணம் என்பது உண்மை. ஆனால், இந்தப் பழக்கத்தின் வேர் போருக்கு மிகவும் முந்தையது.

ஊர் கூடிக் கட்டும் வீடு

உக்ரைன் கிராமங்களில் 'தொலோகா' என்ற மரபு உண்டு. ஒரு குடும்பம் வீடு கட்டத் தொடங்கினால் ஊரார் திரண்டு வந்து களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்துச் சுவர் எழுப்புவார்கள். அறுவடை போன்ற பெரிய வேலைகளுக்கும் இதே வழக்கம்தான். இதற்குக் கூலி கிடையாது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் அனைவருக்கும் விருந்திட வேண்டும். மற்றொருவருக்குத் தேவை ஏற்படும்போது அவரும் சென்று உழைக்க வேண்டும்.

இம்மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு வடக்கே செர்னிகிவ் மாகாணத்தில் உள்ள யாகிட்னே கிராமம் சான்று. 2022 மார்ச்சில் அக்கிராமத்தைப் பிடித்த ரஷியப் படையினர், குழந்தைகள் உள்பட 300-க்கும் அதிகமானோரைப் பள்ளிக்கூடத்தின் நிலவறையில் ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்து வைத்தனர். காற்றோட்டமின்றி முதியோர் சிலர் அங்கேயே இறந்தனர். படைகள் விலகிய பிறகு, அதே ஆண்டு ஜூலையில் இளைஞர்கள் பெருமளவில் அங்கு சென்று இடிபாடுகளை அகற்றினர். ஒருபுறம் நடன இசை ஒலிக்க, மறுபுறம் மண்வெட்டிகளுடன் வேலை நடந்தது. துயரம் நடந்த இடத்தில் இசையா என்ற கேள்வி எழக்கூடும். ஆனால், பாட்டும் உணவும் சேர்ந்த கூட்டு உழைப்பே தொலோகா என்பதை அறிந்தவர்களுக்கு அது விந்தையாகத் தோன்றாது.

பசியை மறவாத மேசை

விருந்தினரைப் பூவேலைத் துண்டின் மீது வைத்த ரொட்டியும் உப்பும் தந்து வரவேற்பது உக்ரைன் வழக்கம். வீட்டு மேசையில் பீட்ரூட் சேர்த்துக் காய்ச்சும் 'போர்ஷ்ட்' சூப்பும் புளித்த பாலேடும் இருக்கும். இந்த சூப் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுபடும். இதைச் சமைக்கும் பண்பாட்டை, அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் 2022 ஜூலை 1-ஆம் தேதி யுனெஸ்கோ சேர்த்தது. சமைப்பவர்களும் அதற்கான காய்கறிகளைப் பயிரிடுபவர்களும் போரால் ஊரைவிட்டுச் சிதறுவதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. உணவின் பக்குவத்தை ஏட்டில் எழுதிக் காத்துவிடலாம். அதைச் சேர்ந்து சமைத்து உண்ணும் ஊரை அப்படிக் காக்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இறைச்சியில்லாத 12 வகை உணவுகள் படைக்கப்படுகின்றன. கோதுமை, தேன், கசகசா சேர்ந்த 'குத்யா' அவற்றில் முதன்மையானது. மறைந்த முன்னோருக்கும் மேசையில் ஓர் இடம் ஒதுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. 1932-33-இல் ஸ்டாலின் ஆட்சி தானியங்களைப் பறித்ததால் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்ட நாடு அது. ஆண்டுதோறும் நவம்பர் நான்காம் சனிக்கிழமை அவர்கள் நினைவாக வீட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது. அங்கு ரொட்டியைப் பகிர்ந்து உண்பதற்குத் தனிப் பொருள் இருப்பது இதனால்தான்.

இந்தியா கண்ட உக்ரைன்

இந்தியாவைப் பொறுத்தவரை அந்நாட்டை நெருக்கத்தில் கண்டவர்கள் மருத்துவ மாணவர்களே. 2022 பிப்ரவரி 24-இல் ரஷியப் படையெடுப்பு தொடங்கியபோது, கார்கிவ் நகரில் அவர்கள் விடுதி நிலவறைகளிலும் மெட்ரோ சுரங்கங்களிலும் தஞ்சம் புகுந்தனர். உணவு வாங்கச் சென்ற கர்நாடக மாணவர் ஒருவர் மார்ச் 1-இல் குண்டுவீச்சுக்குப் பலியானார். 'ஆபரேஷன் கங்கா' திட்டத்தில், 14 விமானப்படை விமானங்கள் உள்பட 90 விமானங்கள் இயக்கப்பட்டன. சுமார் 22,500 இந்தியர்கள் நாடு திரும்பினர்.

எல்லைச் சாவடிகளில் இந்திய, ஆப்பிரிக்க மாணவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டதாக அந்நாள்களில் எழுந்த புகார்களையும் மறைப்பதற்கில்லை. அண்டை வீட்டாருக்குக் கிடைத்த அரவணைப்பு அயல்நாட்டவர் அனைவருக்கும் கிடைத்துவிடவில்லை. உக்ரைன் சமூகத்தைப் பாராட்டுபவர்கள் இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

படையெடுப்பைக் கண்டிக்கும் ஐ.நா. தீர்மானங்கள் மீதான வாக்கெடுப்புகளில் 2022-இல் இந்தியா பங்கேற்கவில்லை. 2024 ஆகஸ்ட் 23-இல் பிரதமர் நரேந்திர மோடி போலந்திலிருந்து ரயிலில் கீவ் சென்றார். 1992-இல் தூதரக உறவு ஏற்பட்டபின் இந்தியப் பிரதமர் ஒருவர் அங்கு சென்றது அதுவே முதல் முறை. அங்குள்ள காந்தி சிலைக்கு மரியாதை செலுத்திய அவர், போரில் இறந்த குழந்தைகளுக்கான நினைவுக் காட்சியையும் பார்வையிட்டார்.

நாள்தோறும் காலை 9 மணிக்குப் போரில் மறைந்தோருக்காக ஒரு நிமிட மௌனம் அனுசரிக்க வேண்டும் என 2022 மார்ச்சில் உக்ரைன் அதிபர் ஆணையிட்டார். நகர வீதிகளில் வாகனங்கள் நின்றன. வேலைக்கு விரைந்தவர்களும் நின்ற இடத்திலேயே தலைகுனிந்தனர். அந்த ஒரு நிமிடம் கடந்ததும், கடைக்கும் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அவரவர் வழியில் நடக்கத் தொடங்கினர்.