காரிருளில் ஒரு கணக்கு

மின்சாரத்தை வற்றாத ஆறு போல எண்ணிப் பழகிவிட்டோம். அது குடத்து நீரைப் போல அளந்து செலவிட வேண்டிய பொருள் என்பதை நான் கற்றது பள்ளியிலன்று. 2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையின்போது, பொத்துவில் வீதியில், ஒரு வாடகைக் காருக்குள்ளே.

ஐந்து வயதுப் பேரனோடு தம்பிலுவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கோமாரியைக் கடந்து தாண்டியடியை அணுகுமுன் வெள்ளம் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்தது. சாரதி, அக்கரைப்பற்றைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர். ஓரடி நீரோட்டமே சிறு காரை மிதக்கச் செய்துவிடும் என்று கூறி, வண்டியைப் பின்செலுத்தி மேட்டில் நிறுத்தினார். திரும்பிப் போகலாமென்றால் பின்னாலும் நீர். உடனே விளக்குகள் யாவற்றையும் அணைத்துவிட்டார். பேரன் அலறினான்.

“தம்பி, பிள்ளை பயப்படுகிறான், விளக்கு எரியட்டுமே” என்றேன்.

“எரியவிட்டா பிள்ளை இப்ப அழாது, சேர். மறுகா சாமத்தில தண்ணி ஏறினா ஆருக்கும் சொல்ல வழியிருக்காது” என்றார் அவர்.

பின்னர் கணக்கை விளக்கினார். முன்விளக்குகள் இரண்டும் ஏறத்தாழ 110 வாட்டு உண்ணும். அக்காரின் பற்றரி 12 வோற்று, 45 அம்பியர்-மணி. இரண்டு மூன்று மணி நேரம் எரித்தாலே இயந்திரத்தைக் கிளப்பும் வலு குன்றிவிடலாம். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவோ ஐந்து வாட்டளவு போதும். விளக்குண்பதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மின்னேற்றும் கம்பியை இருவரும் கொண்டுவந்திருக்கவில்லை! இயந்திரத்தை இயக்கிக் குளிரூட்டவும் அவர் இசையவில்லை. நீர் ஏறிப் புகைக்குழாயை மூடினால் மணமற்ற நச்சுவாயு உள்ளே புகும், உறங்கியவர் எழார்.

என் தொலைபேசியில் எஞ்சியிருந்தது நூற்றுக்கு 14. அலைவரிசை நலிந்த இடத்தில் அது கோபுரத்தைத் தேடித் தேடியே மின்னை இழக்குமாம். ஆகவே அதனை அணைத்துவைத்து, மணிக்கொருமுறை மட்டும் எழுப்பினோம். 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்குப் பேச முயன்றும் இணைப்புக் கிட்டவில்லை. பேச்சு போகாத இடத்துக்கும் குறுஞ்செய்தி போகக்கூடும் என்றார் இளைஞர். வீட்டுக்கு ஒன்று எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்தார். வணக்கம், வானிலை வருணனை, இறையருள் வேண்டல் எல்லாம் அதிலே இருந்தன. யாவற்றையும் அழித்துவிட்டு இடம், ஆட்களின் தொகை, நீரின் உயரம், நேரம் ஆகிய நான்கை மட்டும் வைத்தார். சொற்சுருக்கமே நூற்பாவின் இலக்கணம் என்று ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான்!

அப்போது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். 1978 நவம்பர் 23, கிழக்குக் கரையைச் சூறாவளி சிதைத்த இரவு. நான் சிறுவன். வீட்டில் இருந்தவை ஒரு டோர்ச், ஒரு வானொலி. பற்றரிகளோ ஒன்றுக்கு மட்டுமே போதுமானவை. அவர் டோர்ச்சைத் திறந்து பற்றரிகளை வானொலியில் இட்டார். இருட்டிலே விட்டாரே என்று அவரோடு நெடுநாள் மனத்தாங்கல் எனக்கு. பேரன் என் மடியிலே விம்மிக்கொண்டிருந்த அந்த நேரத்திற்றான் அவருடைய கைகள் எனக்குப் புலனாயின.

இரவு இரண்டு மணிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. விடிந்ததும் உழவு இயந்திரமொன்று எங்களைத் தேடி வந்தது; நீரும் சற்று வடிந்திருந்தது. சாரதி திறப்பைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இயந்திரம் உறுமியது.

பேரன் இறங்க மறுத்தான். முன்விளக்கை ஒருமுறை எரித்துக் காட்ட வேண்டுமென்றான். பட்டப்பகலில் அவரும் எரித்துக் காட்டினார்.