ஒரு வாய் குடித்தால் என்ன ஆகும்?

திருப்பூர் மண்ணரைப் பகுதியில் சனிக்கிழமை என்றால் பனியன் கம்பெனித் தொழிலாளர் கையில் வாரச் சம்பளம் புழங்கும் நாள். குழந்தையின் பிறந்தநாள் எந்தக் கிழமையில் வந்தாலும், கொண்டாட்டத்தைச் சனிக்கிழமை மாலைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ தள்ளி வைத்துக்கொள்வது உண்டு. கீழே கூடத்தில் பலூன், கேக், பிரியாணி. மேலே மொட்டை மாடியில் ஆண்களுக்கென்று தனியாக ஒரு விருந்து. இத்தகைய காட்சியை நீங்களும் கண்டிருக்கலாம்.

அப்படி ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி படியேறி மாடிக்கு வந்தாள். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஆரஞ்சு நிறப் பானம் மீதமிருந்தது. கீழே அவளுக்குக் கொடுத்ததும் அதே நிறப் பானம்தான், அதே போன்ற டம்ளர்தான். அவள் அதை எடுத்து வாயருகே கொண்டுபோன வேளையில், பின்னாலேயே ஏறி வந்த அவளுடைய அமுச்சி பிடுங்கிக் கீழே கொட்டினார். அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “ஒரு வாய் குடிச்சா என்னங்க ஆயிறப் போகுது? நாங்க இத்தனை குடிச்சும் நல்லாத்தானே இருக்கறோம்!” என்றார்.

அமுச்சி ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆனால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் வேண்டும். கேட்டவர் சாயப்பட்டறையில் வேலை செய்பவர். அவருடைய தொழிலிலேயே விடை இருக்கிறது.

சாயத் தொட்டியின் கணக்கு

துணிக்குச் சாயம் ஏற்றுபவர் முதலில் என்ன செய்கிறார்? துணியை நிறுக்கிறார். துணியின் எடையில் இத்தனை சதவீதம் சாயம் என்பதே அங்குக் கணக்கு. 100 கிலோ துணிக்கு 1 கிலோ சாயம் இட்டால் 1 சதவீதம், நிறம் வெளிறியிருக்கும். அதே 1 கிலோ சாயத்தை 20 கிலோ துணிக்கு இட்டால் 5 சதவீதம், நிறம் அடர்ந்துவிடும். சாயத்தின் அளவு மாறவில்லை. அதை ஏற்கும் துணிதான் குறைந்தது.

மதுவின் கணக்கும் இதுவே. மதுவில் போதை தரும் பொருள் எத்தில் ஆல்கஹால். எண்ணெயைப் போல் நீரிலிருந்து பிரிந்து நிற்காமல், எந்த விகிதத்திலும் இது நீருடன் கலந்துவிடும். ஆகவேதான் வண்ணப் பானத்தில் அது கலந்திருப்பதைக் கண்ணால் அறிய முடிவதில்லை. உடலுக்குள் சென்ற பிறகும் அது உடலிலுள்ள நீர் முழுவதிலும் பரவுகிறது. கொழுப்பில் மிகச் சிறிதே சேர்கிறது. குடித்த அளவையும் உடல் எடையையும் கொண்டு குருதியில் ஆல்கஹால் எவ்வளவு இருக்கும் எனக் கணக்கிடும் முறையை, சுவீடன் நாட்டு அறிவியலர் எரிக் விட்மார்க் 1930களில் வகுத்துக் கொடுத்தார்.

நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் மாநிலக் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவற்றின் புட்டியில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 100 மில்லி லிட்டரில் 42.8 மில்லி லிட்டர் ஆல்கஹால் என்பது அதன் பொருள். அப்படியானால் 30 மில்லி லிட்டர் மதுவில் ஏறத்தாழ 12.8 மில்லி லிட்டர் ஆல்கஹால் இருக்கும். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் 0.79 பங்கு. எனவே எடை சுமார் 10 கிராம்.

60 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் உண்டு. அந்த 10 கிராம் இதில் பரவினால், 100 மில்லி லிட்டர் குருதியில் சுமார் 22 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும். 12 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலிலோ சுமார் 7 லிட்டர் நீரே உண்டு. அதே 10 கிராம் அங்கே 114 மில்லிகிராம் அளவுக்கு ஏறிவிடும். ஊர்தி ஓட்டுபவரின் குருதியில் இருக்கலாம் என நம் நாட்டுச் சட்டம் விதித்துள்ள எல்லை 30 மில்லிகிராம். குழந்தையின் குருதியில் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு! டம்ளரில் பாதியையே குடித்தாலும் எல்லையைத் தாண்டிவிடும். ‘நாங்கள் குடித்தும் நன்றாக இருக்கிறோமே’ என்ற வாதம், துணியை நிறுக்காமல் சாயத்தை மட்டும் நிறுத்ததற்கு ஒப்பாகும்.

கல்லீரலும் சர்க்கரையும்

ஆபத்து இந்த அளவோடு நிற்பதில்லை. நம் குருதியில் எப்போதும் ஓரளவு குளுக்கோஸ் இருந்தாக வேண்டும். மூளைக்கு அதுவே எரிபொருள். உணவு வராத நேரத்தில், சேமித்து வைத்த கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக மாற்றித் தருவது கல்லீரல். சேமிப்பு தீர்ந்தால் அது பிற பொருள்களிலிருந்து குளுக்கோஸைப் புதிதாக ஆக்கும். ஆல்கஹாலைச் சிதைப்பதும் இதே கல்லீரல்தான். அந்த வேலை நடக்கும்போது குளுக்கோஸை ஆக்கும் வேலை தடைப்படுகிறது.

பெரியவரிடம் சேமிப்பு அதிகம், தாக்குப்பிடிப்பார். குழந்தையின் சேமிப்போ சிறிது. விருந்து வீட்டில் ஓடியாடிக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் இருக்கும் குழந்தைக்கு அது இன்னும் சிறிது. குருதியில் சர்க்கரை சரிந்தால் சோர்வும் உறக்கமும் வரும். பிறகு வலிப்பும் நினைவிழப்பும் வரலாம். ‘ஆடிக் களைத்துத் தூங்குகிறது’ என்று நாம் போர்த்திவிட்டுப் போய்விடக்கூடும். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

மேலும், உடல் சிறிதாக ஆக, கன அளவுடன் ஒப்பிடுகையில் அதன் மேற்பரப்பு மிகுதியாகும். 20 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தைவிட 10 செ.மீ. பக்கமுள்ளதற்கு இந்த விகிதம் இரு மடங்கு. ஆகவே, குழந்தையின் உடல் பெரியவருடையதைவிட விரைவில் குளிர்கிறது. ஆல்கஹால் தோலிலுள்ள குருதிக் குழாய்களை விரியச் செய்து வெப்பத்தை இன்னும் வேகமாக வெளியேற்றுகிறது.

குழந்தை மது குடித்துவிட்டது எனத் தெரிந்தால், அறிகுறி தோன்றட்டும் எனக் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 108 ஐ அழையுங்கள். விரலை விட்டோ உப்பு நீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புட்டியைக் கையோடு எடுத்துச் சென்று, எவ்வளவு, எப்போது குடித்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விளையாட்டுக்காகக் கூடக் குழந்தைக்கு மது ஊட்டுவது குற்றம். 2015 ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இதற்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்கிறது.

வீடு திரும்பும் வழி

டம்ளரைக் குழந்தை தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். விருந்து முடிந்து குடும்பம் ஒரே மோட்டார் சைக்கிளில் ஊத்துக்குளி சாலையில் திரும்புகிறது. முன்னே பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தை. ஓட்டுபவர் குடித்தது ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி லிட்டர். அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் உண்டு. பெரியவரின் கல்லீரல் மணிக்கு ஏழு எட்டு கிராம் அளவே சிதைக்க வல்லது. எல்லாம் தீர ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். காப்பி, எலுமிச்சைச் சாறு, மோர், குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதமானாலும் வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். அந்த ஐந்தரை மீட்டருக்குள் ஒரு லாரியின் பின்புறம் இருக்கலாம். மோதினால் முதலில் அடிபடுவது முன்னே அமர்ந்த குழந்தைதான்.

பொம்மைக் கடையில் ஒரு சோதனை

‘குழந்தைக்கு என்ன தெரியும்?’ என்பாரும் உண்டு. அமெரிக்காவில் 2 முதல் 6 வயதுக்குட்பட்ட 120 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2005 இல் வெளியானது. பொம்மைகளைப் பெரியவர்களாகப் பாவித்து, நண்பர்கள் வரும் மாலைக்கு வேண்டியவற்றைப் பொம்மைக் கடையில் வாங்கும்படி அவர்களிடம் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் மதுப்புட்டியையும் வாங்கினார்கள். மாதம் ஒருமுறையேனும் மது அருந்தும் பெற்றோரின் குழந்தைகளிடம் இது இன்னும் மிகுதியாகக் காணப்பட்டது. விருந்து என்றால் எது இருக்க வேண்டும் என்பதை, பள்ளிக்குச் செல்லும் முன்பே அவர்கள் கண்ணால் கற்றிருந்தார்கள்.

2023 இல், சிறப்பு உரிமம் பெற்றுத் திருமண மண்டபங்களிலும் விருந்துகளிலும் மது பரிமாறலாம் எனத் தமிழக அரசு விதியைத் திருத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. அரசு திருமண மண்டபங்களை விலக்கிக்கொண்டது. மண்டபத்தில் வேண்டாம் என்றவர்கள் நாம். நம் மொட்டை மாடியைப் பற்றி முடிவெடுக்க அரசாணை எதுவும் தேவையில்லை. பிறந்தநாளுக்கு அழைக்கும்போதே ‘இன்று மது இல்லை’ என்று சொல்லிவிடலாம். அழைக்கப்பட்டவர் அந்த ஒரு மாலை மட்டும் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்ட சாயப்பட்டறை நண்பரிடம் பிறகொரு நாள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். 22, 114 என்ற இரண்டு எண்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் புள்ள அன்னைக்கு எத்தனை கிலோ இருந்திருக்குமுங்க?” என்று மட்டும் கேட்டார்.